பொட்டு வைத்த ஸ்பேர் ரெகுலேட்டர்

1. கடலுக்கு மூடி இல்லை

ஒரகடத்தில் நான் இறங்கிய முதல் தொட்டியில் பதினோரு நிமிடம்தான் இருந்தேன். வேலை பாதியில் இருக்கும்போது டார்ச் அணைந்தது. அணைந்த அடுத்த நொடி இடுப்புக் கயிறு என்னை மேலே இழுத்தது. மேன்ஹோலில் தலையை நீட்டிப் பார்த்தால், கயிற்றின் மறுமுனையில் பிலோமினா அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"என்னத்துக்குக்கா இழுத்தீங்க?"

"வெளிச்சம் பூடுச்சு. இன்னொரு லைட்டு எரியும்னு பாத்தேன், எரியல. இஸ்துட்டேன்."

"எனக்கு இருட்டு புதுசா? தூத்துக்குடில கலங்கல் தண்ணிக்குள்ள கண்ண மூடிக்கிட்டுக் கப்பலடியச் சுரண்டுன ஆளு நானு."

"அந்தக் கடலுக்கு மேல மூடி கீதா?"

"இல்ல."

"இதுக்குக் கீது. ஏறி வா."

அக்காவுக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கவே பயப்படுவார். எனக்கோ பதினான்கு ஆண்டு டைவிங் அனுபவம். கோபம் வராமல் என்ன செய்யும்? டீ குடிக்கும்வரை அவரோடு பேசவில்லை.

இந்த வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலைக்குள் போனாலும் தரைக்கடியில் ஒரு ஃபயர் டேங்க் இருக்கும். தீப்பிடித்தால் அணைக்க வைத்திருக்கும் தண்ணீர். சுவரில் விரிசல், பைப்பில் துரு, அடியில் படியும் சேறு எல்லாவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். தண்ணீரைக் காலி செய்துவிட்டும் பார்க்கலாம்தான். ஆனால் காலியாகக் கிடக்கும் நாளில் தீப்பிடிக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதனால் நிறைந்த தொட்டிக்குள் என்னைப் போல ஒருவன் ஸ்கூபா செட்டோடு இறங்குகிறான்.

உல்லாசத்துக்காகக் கடலில் டைவ் செய்பவர்கள் பெரும்பாலும் இருவர் இருவராகப் போவார்கள். ஒருவருக்குக் காற்று நின்றால் மற்றவர் தன்னுடையதைக் கொடுப்பார். தொட்டியில் அது நடக்காது. மேன்ஹோல் இரண்டடிச் சதுரம். உள்ளே தடுப்புச் சுவர்கள். ஒவ்வொரு சுவரிலும் ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய ஓட்டை. மாற்று டைவர் ஒருவர் மேலே தயாராக இருப்பார். இல்லாமல் இறங்கக் கூடாது. ஆனாலும் அவர் கண் தெரியாத சேற்றில் என்னைத் தேடி வந்து சேரும்வரை என் மூச்சு காத்திருக்காது. ஆகவே கூட்டாளியை உடம்பில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அந்தக் கூட்டாளிக்குப் பெயர் பேக்கப்.

2. ஷேர் ஆட்டோவில் காற்று

முதல் தொட்டியில் அவமானப்பட்ட பிறகு, கம்பெனி முதலாளி என்னையே பேக்கப் சாமான்கள் வாங்கிவரச் சொன்னார். எனக்கு அது திருவிழா போல. பட்டியல் போட்டேன். காலில் கட்டிக்கொள்ளும் பெரிய கத்தி, கார் ஹெட்லைட் அளவுக்கு ஒரு டார்ச், ஒரு குட்டி சிலிண்டர், அதற்குத் தனி ரெகுலேட்டர். ரெகுலேட்டர் என்றால் சிலிண்டரில் அடைத்த காற்றை நாம் மூச்சு இழுக்கும்போது மட்டும் வாய்க்குத் தரும் கருவி.

அப்போது சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் வாடகை அறை. காலையில் குட்டி சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"கேஸ் சிலிண்டர்லாம் ஏத்த மாட்டேன் பா. எறங்கு."

"கேஸ் இல்லண்ணே. உள்ள வெறும் காத்துதான்."

"காத்தா? வெளில தான் சும்மாவே கீதே. அத்த இன்னாத்துக்கு சிலிண்டர்ல போட்டுகினு போற?"

பக்கத்தில் இருந்த நான்கு பேரும் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று டிரைவரைத் திட்டிவிட்டு, என்னையும் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரகடம் வரும்வரை யாரும் என் மடிப்பக்கம் காலை நீட்டவில்லை. அந்தக் கூட்ட நேரத்தில் அவ்வளவு தாராளமாக நான் உட்கார்ந்து போனது அன்று ஒரு நாள்தான்.

3. சிவப்பு ஸ்டிக்கர்

வாங்கிய சாமான்களைக் கம்பெனி மேசையில் பரப்பி வைத்தேன். பிலோமினா அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். அவருக்குக் குன்றத்தூர்ப் பக்கம் வீடு. எங்களிடம் கயிறு பிடிக்க வருவதற்கு முன், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டு குவாலிட்டி செக்கிங். நல்ல பார்ட்டுக்குப் பச்சை ஸ்டிக்கர், கழித்த பார்ட்டுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். வேலையை விட்டபோது ஸ்டிக்கர் ரோலை மட்டும் விடவில்லை போலிருக்கிறது.

முதலில் கத்தியை எடுத்தார்.

"இது இன்னா, ஆடு அறுக்கவா?"

"உள்ள பழைய வயரு, கயிறு எதுலயாவது மாட்டிக்கிட்டா அறுக்கணும்லா?"

"சரி. கால்ல கட்டிகினு கீற. ஓட்டைக்குள்ள பாதி உடம்பு மாட்டிகினா கை காலுக்கு எட்டுமா?"

எட்டாது. சிவப்பு ஸ்டிக்கர்.

டார்ச்சுக்கும் சிவப்பு. "பெருசா ஒண்ணு வாங்குன காசுல சின்னதா மூணு வாங்கலாம். ஒண்ணு பூட்டா ரெண்டு கீது" என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். அவர் லைனில் வேலை பார்த்தவர். வாதத்துக்கெல்லாம் அசைய மாட்டார். ஒவ்வொரு சாமானையும் தூக்கி மூன்று கேள்வி கேட்டார். இதே வேலைக்கு இன்னொன்று இருக்கிறதா? அது வேறு இடத்தில் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் எடுக்க முடியுமா?

கடைசிக் கேள்விக்காக என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, "வலது கையில லைட்ட எடு... இடது கையில கட்டர எடு..." என்று நாற்காலியில் உட்கார்த்தி வைத்து டிரில் வாங்கினார். முதலாளி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒரு வாரம் கழித்து என் செட் முடிவானது. மார்பில் ஒரு சின்ன கட்டர், மணிக்கட்டில் இன்னொன்று. மூன்று கையடக்க டார்ச். பாக்கெட்டில் ஒரு ஸ்பேர் மாஸ்க். முதுகில் பெரிய சிலிண்டர், இடுப்போரம் குட்டி சிலிண்டர். குட்டி சிலிண்டரின் ரெகுலேட்டர் ரப்பர் வளையத்தில் தாலி போலக் கழுத்தில் தொங்கும். மோவாயைத் தாழ்த்தினாலே தட்டுப்படும். தொட்டித் தண்ணீரை இழுக்கும் பம்ப்பின் ஸ்விட்சைப் பூட்டி அந்தச் சாவியை அக்கா தன் ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொள்வார். நான் வெளியே வந்தால்தான் சாவி கழுத்தைவிட்டு இறங்கும்.

கயிற்றுக்கு எங்களுக்கென்று ஒரு பாஷை வைத்துக்கொண்டோம். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் வருகிறேன். நான்கு என்றால் ஆபத்து. இரண்டு ஆண்டுகளில் நான்கு ஒருமுறைகூட வரவில்லை. குட்டி சிலிண்டரும் ஒருமுறைகூட வாய்க்கு வரவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

4. நான்கு இழுப்பு

ஆயுத பூஜை முடிந்து வந்த ஞாயிறு. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, மூன்று அறைத் தொட்டி. ஞாயிறு லைன் ஓடாது என்பதால் எங்களுக்கு அன்றுதான் வேலை. அந்த ஆலையின் சேஃப்டி ஆபீசர் தினகர் சார் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

நான் மூன்றாவது அறையில் இருந்தேன். மேன்ஹோலிலிருந்து அறுபதடி, நடுவில் இரண்டு சுவர், இரண்டு ஓட்டை. சேறு உறிஞ்சும் குழாயைத் தள்ளிக்கொண்டு போகும்போது சேறு கிளம்பி எல்லாம் கறுப்பாகிவிட்டது. இது வழக்கம்தான். குழாய் ஒருமுறை துள்ளி என் தாடையில் இடித்தது. அதுவும் வழக்கம்தான். மூச்சை விட்டேன். அடுத்த மூச்சை இழுத்தேன். தண்ணீர் வந்தது.

பல்லுக்கிடையில் ரப்பர் மவுத்பீஸ் இருக்கிறது, ஆனால் அதன் பின்னால் ரெகுலேட்டர் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கேபிள் டை அறுந்து, ரெகுலேட்டர் முதுகுப்பக்கம் எங்கோ போய்விட்டது. கையை வீசித் தேடினேன், அகப்படவில்லை. பயந்தேனா என்றால், இன்னும் இல்லை. இதற்குத்தானே கழுத்தில் ஒன்று தொங்குகிறது? மோவாயைத் தாழ்த்தி அதைக் கவ்வினேன். மிச்சமிருந்த மூச்சை ஊதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு இழுத்தேன்.

பாதி காற்று, பாதி தண்ணீர். கூடவே சந்தன வாசம்.

அப்போதுதான் பயந்தேன். இருமல் தொண்டையை அடைத்தது. தலைக்கு மேலே கான்கிரீட். சாகப்போகிறோம், அதுவும் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்துவிட்டுச் சாகப்போகிறோம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் டிக்கெட் ஞாபகம் ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ரெகுலேட்டரின் முகத்தில் பர்ஜ் பட்டன் என்று ஒன்று உண்டு. அழுத்தினால் நாம் இழுக்காமலேயே காற்று பீறிட்டு வரும். அழுத்தினேன். காற்றின் வேகத்தில் தண்ணீர் பின்வாங்கியது. நாக்கை மடக்கித் தொண்டைக்கு அணை கட்டிக்கொண்டு கொஞ்சம் காற்றை உறிஞ்சினேன். விட்டேன். மறுபடி அழுத்தினேன். மூச்சு கிடைத்தது. ஆனால் இப்படி அழுத்தினால் குட்டி சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடும். கயிற்றைப் பிடித்து நான்கு முறை இழுத்தேன்.

பதிலுக்கு ஒரே ஒரு இழுப்பு வந்தது, நிதானமாக. கயிறு இரண்டு சுவர் மூலைகளில் திரும்பிப் போவதால் ஆளை அப்படியே இழுக்க முடியாது. தொய்வில்லாமல் பிடித்து வழிதான் காட்ட முடியும். அக்கா அதைத்தான் செய்தார். நான் ஓரடி நகர்ந்தால் கயிறு ஓரடி உள்வாங்கியது. ஒரு கை கயிற்றில், ஒரு கை பட்டனில். முதல் ஓட்டையைத் தாண்டிவிட்டேன்.

இரண்டாவது ஓட்டையில் முதுகுச் சிலிண்டர் இடித்து நின்றது. உடம்பைச் சாய்த்து நுழைக்க ஒரு கையால் சுவரைத் தள்ள வேண்டும். கயிற்றை விட்டால் வழி போகும், பட்டனை விட்டால் மூச்சு போகும். நெஞ்சு கொள்ளுமட்டும் காற்றை உறிஞ்சிக்கொண்டு பட்டனை விட்டேன். சாய்ந்து தள்ளினேன். சிலிண்டர் கிரீச்சென்று உரசி உள்ளே வந்தது. நுழைந்தவுடன் மறுபடி பட்டன்.

அதன்பின் மேலே சதுரமாக வெயில் தெரிந்தது. மாற்று டைவர் அதற்குள் கால்களை உள்ளே தொங்கவிட்டிருந்தார். என் தலையைக் கண்டதும் ஒதுங்கினார். அக்காவின் கை வந்து என் தோள்பட்டையைப் பிடித்தது. வெளியே வந்து சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து இருமினேன். குட்டி சிலிண்டரின் கேஜில் முள் கிட்டத்தட்ட சைபரில் இருந்தது.

5. ரூட் காஸ்

இருமல் அடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் பரிசோதித்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். தினகர் சார் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்பேர் ரெகுலேட்டரை மேசையில் வைத்து ஸ்க்ரூவைக் கழற்றினார். மூச்சுக்காற்று வெளியேறும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு மெல்லிய ரப்பர் மூடி இருக்கும். காற்றை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. அதற்கடியில் மஞ்சளாக ஒரு செதில். அது போய் உட்கார்ந்ததால் மூடி முழுதாக மூடவில்லை.

முகர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று எல்லாச் சாமானையும் வரிசையாக வைத்து, குழைத்த சந்தனம் வைத்து, குங்குமப் பொட்டு இட்டவன் நான்தான். ஸ்பேர் மேல் எனக்குத் தனி மரியாதை. உயிர் காக்கும் பொருளாயிற்றே. அதற்கு மட்டும் இரண்டு பங்கு சந்தனம். மறுநாள் மெயின் செட்டைக் கழுவினேன். ஸ்பேரைக் கழுவவில்லை. எப்படியும் வாயில் வைக்கப் போவதில்லை, சாமிப் பொட்டு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியில் வைத்தேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து உள்ளே போயிருக்கிறது.

அந்த ரெகுலேட்டரில் அக்காவின் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"யக்கா, காலையில நீங்க செக் பண்ணும்போது பொட்டப் பாக்கலியா?"

அக்கா அந்தச் செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"பாத்தேன். கேஜு பாத்தேன், வால்வு பாத்தேன். கழட்டித் தொடச்சிட்டு ஊதிப் பாக்கணும்னு கை போச்சு. உங்க சாமிக்கு வச்ச பொட்டு. வேதக்காரி நா தொடச்சி, நீ மனசுல ஒண்ணு நெனச்சிகினு எறங்கினா? அதான் உட்டுட்டேன்."

"நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்க்கா."

"அத்த நீ சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

அவர் கண் கலங்கியது. இரண்டு ஆண்டு என் கயிற்றைப் பிடித்த மனுஷி, என் மனம் நோகக்கூடாது என்று பார்த்து என்னையே இழந்திருப்பார்.

தினகர் சார் ரிப்போர்ட் ஃபாரத்தை எடுத்தார். "கேபிள் டை பழசு, அது ஓகே. பேக்கப் ஃபெயிலியருக்கு ரூட் காஸ், அதான் மூல காரணம், இன்னான்னு போடறது? சந்தனம்னு போட முடியாது. ஆடிட்ல கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"மரியாதைன்னு போடுங்க சார்" என்றார் அக்கா.

சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன், சிரிப்பு இருமலாகி, அக்கா முதுகில் தட்டினார். ஒருவழியாக 'ஸ்பேர் செட் பயன்படுத்திச் சோதிக்கப்படவில்லை' என்று எழுதி முடித்தோம். அக்கா பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்து, ஒன்றைக் கிழித்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டார். இன்னொன்றை என் நெற்றியில் ஒட்டினார். அதோடுதான் அன்று இருவரும் வீட்டுக்குப் போனோம்.

6. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

பேக்கப் வாங்க வேண்டும் என்றால் என்ன பிராண்ட், என்ன விலை என்று போனில் கேட்கிறார்கள். நான் அக்காவின் மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். நான்காவதாக ஒன்றை நான் சேர்த்திருக்கிறேன்: கடைசியாக எப்போது அதில் மூச்சு விட்டாய்? இப்போது மேன்ஹோலுக்கு அடியில் முதல் இரண்டு நிமிடம் நான் ஸ்பேரில்தான் மூச்சு விடுகிறேன். அது சரியாக இருந்தால்தான் அடுத்த அறை. தனியாக இறங்குகிறவனிடம், எடுத்துப் பார்க்காத சாமான் வெறும் பாரம்.

இன்னொன்றும் உண்டு. கயிற்றின் இரு முனையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கூச்சப்படக் கூடாது. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன் அக்கா என் கயிற்றுக் கொக்கியில் மாதா சுரூபம் ஒன்றை நூலால் கட்டியிருந்தார். நூல் இடையில் மாட்டி, கொக்கி முழுதாகப் பூட்டவில்லை. முன்பென்றால் நானும் வாயை மூடிக்கொண்டு இறங்கியிருப்பேன். "யக்கா, மாதாவ என் கழுத்துல போடுங்க. கொக்கி பூட்ட மாட்டேங்கு" என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே மாற்றிக் கட்டினார். அது இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல வரிசையாக வைத்து, சந்தனம் வைத்து, பொட்டிட்டுச் சூடம் காட்டினேன். அக்கா ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் மறைத்திருந்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுக்கா."

"சாமி நல்லா பாத்துகிச்சா?"

"பாத்துக்கிட்டு."

"அப்ப தேய்" என்று பழைய பல் பிரஷ் ஒன்றை நீட்டினார்.

தேய்த்தேன். கழற்றி, அலசி, ஊதி, மாட்டினேன். அவர் ஒரு டிரம் தண்ணீரை என் முன்னால் இழுத்து வைத்தார்.

"தலைய உள்ள உட்டு இதுல நூறு மூச்சு வுடு. அப்பால தான் சுண்டல்."

எல்லோரும் சுண்டல் சாப்பிட, நான் மட்டும் டிரம்முக்குள் முகத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதிலேயே காற்று நன்றாக வருவது தெரிந்துவிட்டது. ஆனாலும் நிமிரவில்லை. தண்ணீருக்கு மேலே அக்காவும் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். நூறு என்று அவர் சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கினேன். என் பங்குச் சுண்டலை அவர் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார். மூடியின் மேல் பச்சை ஸ்டிக்கர்.